மூடாத நாற்காலி

டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, கட்டிலில் கிடந்த சவுரியப்பன் “லைட்டு” என்றார்.

சகாயமேரி தலையைத் தூக்கவில்லை. ஒரு கையில் ஈர்க்குச்சி, அதன் நுனியில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, மடியில் பின்மூடி திறந்த கேமரா, இடுப்பில் காலையிலிருந்து விடாமல் குத்துகிற வலி. பக்கவாதம் வந்து வருஷம் ஆகப்போகிற மனுஷனுக்கு வாயில் மிச்சமிருப்பது மூன்று சொல்தான்: தண்ணி, மேரி, லைட்டு. பசித்தாலும் லைட்டு, படுக்கை நனைந்தாலும் லைட்டு. எதற்கென்று அவளாக எழுந்துபோய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போதுதான் கஞ்சி ஊட்டி, முதுகைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலிக்குச் சாய்மானம் கிடையாது. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து எத்தனை நாளாச்சு என்று யோசித்தால் அழுகைதான் வரும், அதனால் யோசிப்பதில்லை.

“எரியுதுங்க. கண்ணத் தொறந்து பாருங்க.”

“லைட்டு.”

“ஐயோ சாமி, எரியுதுன்னு சொல்றனில்ல!”

குரல் உயர்ந்துவிட்டது. உடனே மனசு உறுத்த, எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. அவள் மடியில் இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்ட பக்கத்துக் கண்ணில் நீர் கோத்திருந்தது. அந்தக் கண் எப்போதும் அப்படித்தான், துடைத்தால் மறுபடி வரும். அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

பாப்பாரப்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் சவுரியப்பன். ஆளாளுக்குச் செல்போன் வந்து ஸ்டுடியோ படுத்ததும் பழைய ஃபிலிம் கேமரா ரிப்பேருக்கு மாறினார். பெங்களூரு இளவட்டங்களுக்கு இப்போது அதில் ஒரு கிறுக்கு, கூரியரில் அனுப்புவார்கள். அவர் விழுந்த பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே ரிப்பேரை மட்டும் இவள் செய்கிறாள். ஃபோம் மாற்றுவது. கேமராவின் பின்மூடி உட்காருகிற பள்ளத்தில், உள்ளே வெளிச்சம் புகாதபடி கறுப்பு ஃபோம் ஒட்டியிருக்கும். வருஷம் ஆக ஆக அது நமுத்து, உருகி, தார் மாதிரி ஆகிவிடும். சந்து விடும். வெளிச்சம் கசிந்து படத்தில் வெள்ளைக்கோடாக விழும். பழசைச் சுரண்டி எடுத்து, புதுசை மெல்லிசாக நறுக்கி ஒட்டினால் சரியாகிவிடும். பெரிய வித்தையெல்லாம் இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பொறுமைக்கு எங்கே போவது?

இந்தக் கேமரா கூரியரில் வந்ததல்ல. பரணில் மூடியில்லாத தகரப்பெட்டியில் கிடந்தது. சாவு வூட்டுக் கேமரா.

சுத்துப்பட்டில் பெரியவர்கள் யாராவது செத்தால் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்காரவைப்பார்கள். வாய் பிளக்காமலிருக்கத் தாடையோடு சேர்த்து உச்சியில் ஒரு கட்டு, சரியாமலிருக்க மார்போடு சேர்த்து ஒரு கட்டு. மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் நாற்காலியை நெருக்கிக்கொண்டு நிற்க, ஒரு போட்டோ. அதற்கென்று சவுரியப்பன் இந்த ஒரு கேமராவைத் தனியாக வைத்திருந்தார். கல்யாணத்துக்குக் கொண்டுபோக மாட்டார், நடுவீட்டில் வைக்க மாட்டார். ரோல் தீராவிட்டால் அடுத்த சாவு வரைக்கும் அது அப்படியே உள்ளே கிடக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிணத்தை இறக்கியதும் காலி நாற்காலியை ஒரு படம் எடுத்துவிடுவார். அதைப் பிரிண்ட்கூடப் போட மாட்டார், எடுப்பதோடு சரி. “நாற்காலிய மூடிடணும் மேரி. மூடலைன்னா அது ஆள் கேட்கும்” என்பார். “பூசைக்குப் போற மனுஷன் பேசற பேச்சா இது?” என்று அவள் சிரித்திருக்கிறாள். அவர் சிரித்ததில்லை.

பெங்களூரு குரு என்கிற பையன், இதே மாடல் ஒன்று கிடைக்குமா அக்கா என்று போனில் கேட்டபோது சட்டென்று இதுதான் ஞாபகம் வந்தது. தொலையட்டும் என்று இறக்கினாள். இறக்கிய அசதியில் புதுசாக வேலை பழகுகிறவர்கள்கூடச் செய்யாத தப்பைச் செய்தாள். உள்ளே ரோல் இருக்கிறதா என்று மேல் குமிழைத் திருகிப் பார்க்காமலே பின்மூடியைத் திறந்துவிட்டாள்.

ரோல் இருந்தது. இழுத்துக் கட்டிய மாதிரி விறைப்பாக, சாம்பல் நிறத்தில்.

அடச்சீ என்று மேலே எண்ணைப் பார்த்தாள். 35. முப்பத்தாறு படத்து ரோல், இன்னும் ஒரு படம் பாக்கி. மூடியைத் திறந்தால் அந்த எண் தானாகத் திரும்பி ஆரம்பத்துக்கு ஓடிவிடும். எல்லாக் கேமராவிலும் அப்படித்தான். இது ஓடவில்லை. மூடித் திறந்து பார்த்தாள். 35. ரோலைச் சுற்றி எடுத்துவிடலாம் என்றால் குமிழ் அசையவில்லை. ஸ்பிரிங் போயிருக்கும், வெளிச்சம் பட்டு ஃபிலிமும் போயிருக்கும், போனது போச்சு, முதலில் ஃபோமை முடிப்போம் என்று ஈர்க்குச்சியை எடுத்தாள்.

பழைய ஃபோம் வழக்கத்தைவிட ஈரமாக இருந்தது. சுரண்டச் சுரண்ட நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, விரலில் ஒட்டியது, நகக்கண்ணில் ஏறியது, ஸ்பிரிட்டில் துடைத்தாலும் போகவில்லை. வாடையும் வேறாக இருந்தது. மக்கின ரப்பர் வாடை அவளுக்குத் தெரியும். இதில் வாடின சாமந்தி இருந்தது, ஊதுவத்தி இருந்தது, அடியில் இன்னொன்றும் இருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேல் பள்ளத்தில் முதல் துண்டை ஒட்டினாள். அப்போதுதான் அவர் முதல் தடவை “லைட்டு” என்றது.

கீழ்ப் பள்ளத்தில் ஒட்டியபோது மறுபடி சொன்னார். அவளுக்கும் கண் லேசாக மங்கியது. லோ வோல்டேஜாக இருக்கும், சாயங்காலமானால் எல்லாரும் மோட்டார் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். கீல் பக்கத்துத் துண்டை வைத்து அழுத்தியபோது அறை மூலைகள் இருண்டன. பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த மாதா படம் தெரியவில்லை, சட்டம் மட்டும் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசல் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

“லைட்டு. மேரி. லைட்டு.”

“இருங்க, இது ஒண்ணுதான், வந்துட்டேன்.”

தாழ்ப்பாள் பக்கத்துக் கடைசித் துண்டு. வைத்தாள், நகத்தால் நீவினாள், மூடியைச் சாத்தினாள். டொப்பென்று அடங்கின சத்தத்தோடு மூடிக்கொண்டது. இத்தனை நாள் செய்ததில் இவ்வளவு கச்சிதமாக ஒன்றும் அமைந்ததில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் போக வழியில்லை. முன்பக்கம், ஆள் அழுத்தாமல் தானாகவே படம் விழவைக்கிற டைமர் குச்சியைத் தள்ளிப் பார்த்தாள். துருவேறி இறுகிக் கிடந்தது, அசையவே இல்லை. அதையெல்லாம் குரு பார்த்துக்கொள்ளட்டும் என்று கேமராவை மேசைமேல் வைத்தாள்.

எழுந்துபோய்ப் பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது. இதற்குத்தான் கத்தினாரா. தினமும் செய்கிற வேலைதான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, அரைவட்டமாகத் திருப்பி, ஜன்னலோரத்து மரநாற்காலியில் உட்காரவைத்தாள். கையும் சாய்மானமும் உள்ள கனமான நாற்காலி. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேனில் அதுவும் வந்து இறங்கியது. யாரோ புண்ணியவான் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டாள், கேட்க அப்போது நேரமில்லை. அவர் சரியாமலிருக்க மார்போடு சேர்த்து ஒரு துண்டு. எச்சில் ஒழுகாமலிருக்கத் தாடையைத் தூக்கி உச்சியில் ஒரு கட்டு, இது அவளாகக் கண்டுபிடித்த வசதி. உரக்கச் சொல்ல மாட்டாள், ஆனால் இந்த மாதிரி நேரங்களில் ‘கர்த்தரே, இவரக் கூட்டிக்கிட்டா எனக்கும் கொஞ்சம் ஓய்வு’ என்று மனசு முனகும். முனகின கையோடு சிலுவை போட்டுக்கொள்வாள். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப்பார்க்க முடியாது.

மெத்தைமேல் விரிப்பை உதறிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ இருமினார்கள்.

“அக்கா, நான் அர்ச்சுனனுங்க. காரிமங்கலம் பக்கம். போன வருசம் எங்கம்மா செல்லம்மா செத்தப்ப அண்ணன்தான போட்டோ எடுக்க வந்தாரு.”

ஞாபகமிருந்தது. அந்த வீட்டில்தான் இவர் விழுந்தார்.

“வாங்க தம்பி. உள்ள வாங்க.”

“வருசம் திரும்புதுங்க்கா. அம்மாவுக்கு வேற போட்டோவே கெடையாது. அதான், அன்னைக்கு எடுத்தது இருந்தா ஒண்ணு கழுவிக் குடுத்தீங்கன்னா…”

பேசிக்கொண்டே நிலைப்படியில் கால்வைத்த மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலோரத்தைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

“ஏங்க்கா. அதுலயா உக்கார வெச்சிருக்கீங்க?”

“எதுல?”

“அது எங்க வூட்டு நாற்காலிங்க்கா. அம்மாவ உக்காரவெச்ச நாற்காலி.” அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். “அம்மாவ எறக்கிட்டோம். அண்ணன், ‘எல்லாரும் தள்ளுங்க, காலி நாற்காலிய ஒண்ணு எடுத்துக்கறேன்’னாரு. எடுக்கலீங்க, அதுக்குள்ள சுருண்டு விழுந்துட்டாரு. தூக்கிட்டு ஓட வேற ஒண்ணும் இல்ல. அதுலயே உக்காரவெச்சு வேன்ல ஏத்திட்டோம். நாங்க வேணாம்னுதான் திருப்பிக் கேக்கல.”

சகாயமேரி திரும்பிப் பார்த்தாள். தினமும் பார்த்ததுதான், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தாடைக்கட்டு. மார்புக்கட்டு. மடியில் சேர்த்துவைத்த கைகள். இப்படி எத்தனை பேரை அவர் கழுவி உலர்த்தி இந்த வீட்டுக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார்! தன் கையாலேயே, ஒரு வருஷமாக, தினமும், அவரை அப்படி ஜோடித்து உட்காரவைத்திருக்கிறாள்.

“தம்பி, கொஞ்சம் புடிங்க. கட்டிலுக்கு மாத்திடலாம்.”

“பஸ்ஸு வந்துரும்ங்க்கா” என்றார் அர்ச்சுனன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. கேட் கம்பி அடித்துக்கொண்டது. போய்விட்டார்.

அவள் விளக்கைப் பார்த்தாள். டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளைக் குச்சியாக மேலே தொங்கியது. ஆனால் அதிலிருந்து வெளிச்சம் கீழே விழவில்லை. சுவரில் இல்லை, தரையில் இல்லை, தன் கையில்கூட இல்லை.

“லைட்டு” என்றார் சவுரியப்பன், கட்டிய தாடைக்குள்ளிருந்து.

அப்போதுதான் புரிந்தது. பாவி மனுஷன் விளக்கைப் போடச் சொல்லவில்லை. நமுத்த ஃபோம் சந்து விட்டுக் கிடந்த வரைக்கும் கேமராவுக்குள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது, அதனால்தான் அந்தக் கடைசிப் படம் இத்தனை நாள் விழாமல் கிடந்தது. விடு, வெளிச்சம் போகட்டும், அடைக்காதே என்று மனுஷன் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மன்றாடியிருக்கிறார். இவள் எரிந்து விழுந்து, நான்கு பக்கமும் நீவி நீவி அடைத்திருக்கிறாள்.

தடவிக்கொண்டு மேசைக்குப் போனாள். கேமரா சில்லென்று இருந்தது. பின்மூடியின் பிடியை மேலே இழுத்தாள். வரவில்லை. நகம் கொடுத்து நெம்பினாள், நகம்தான் பிய்ந்தது. இப்போது ஒட்டின ஃபோம், முப்பது வருஷம் ஊறினது போலப் பிடித்துக்கொண்டிருந்தது.

சரி. அப்படியானால் ஒரு வழிதான். அவரை நாற்காலியிலிருந்து எடுக்கணும். காலி நாற்காலியைப் படம் எடுக்கணும். மூடணும். ஒரே ஒரு படம், அது நாற்காலிக்குப் போயிடணும், அவருக்குப் போகக் கூடாது. கேமராவை நாற்காலிக்கு நேராகத் திருப்பி மேசையில் வைத்தாள்.

“ஒண்ணுமில்லீங்க. வந்துட்டேன். நான் இருக்கேன்ல.”

கட்டுகளை அவிழ்த்து நாற்காலியின் கையில் போட்டாள். அக்குளில் கைகொடுத்தாள். தூக்கினாள். அவர் வரவில்லை. தினமும் தூக்குகிற உடம்பு. எலும்பும் தோலுமான உடம்பு. இன்று அது நாற்காலியோடு ஒட்டியிருந்தது. அவர் முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டாள். பிசுபிசுப்பு. தார். நூலாக இழுத்தது.

சாமந்தி வாடை.

“யேசுவே. என் யேசுவே.”

கால் ஊன்றி இழுத்தாள். இடுப்பில் எதுவோ பிடுங்கிக்கொண்டது. விடவில்லை. ‘கூட்டிக்கிட்டா ஓய்வு’ என்று முனகினவள் அவளில்லை, வேற எவளோ. “தர மாட்டேன்” என்று கத்தினாள். “போடி, தர மாட்டேன்!” யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பிய்கிற சத்தம் கேட்டது. அவர் மொத்தமாக அவள் மேல் சாய்ந்தார். அரைவட்டம். கட்டில். தலையணை. மூக்குக்குப் பக்கத்தில் கைவைத்தாள். மூச்சு வந்தது. சூடாக வந்தது. அவர் இடது கை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டது.

“மேரி.”

“ஆச்சுங்க. ஆச்சு. நீங்க வந்துட்டீங்க.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனி கேமராதான். இரண்டு எட்டு. நாற்காலி காலி. ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. புடவையை அவர் விரலிலிருந்து விடுவித்துக்கொண்டு திரும்பினாள். ஒரு எட்டு வைத்தாள். இடுப்பு விட்டுப்போனது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டி கை பின்னால் துழாவியது. மரக்கை கிடைத்தது.

உட்கார்ந்துவிட்டாள்.

சாய்மானம் முதுகைத் தாங்கியது. எவ்வளவு நாளாச்சு. வலி முழுசும் கரைந்து இறங்கியது. எழுந்துடணும், இதுல உக்காரக் கூடாது, இதோ எழுந்துடறேன். ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு விட்டுட்டு.

“லைட்டு” என்றார் அவர். “மேரி. லைட்டு. லைட்டு!”

மேசைமேல் ஏதோ கரகரத்தது.

ர்ர்ர்ர்ர்.

டைமர். துருவேறின டைமர். யாரும் தொடாத டைமர்.

எழப் பார்த்தாள். முடியவில்லை. புடவை ஒட்டியிருந்தது. முதுகு ஒட்டியிருந்தது. கையை எடுத்தாள், தோல் இழுத்தது.

ர்ர்ர்ர்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். பக்கத்தில் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். துணி உரசியது. மூச்சு இல்லை. போட்டோவுக்கு நிற்கிறவர்கள் எப்படி நெருக்கிக்கொண்டு வருவார்களோ அப்படி. தோளில் ஒரு கை. பிசுபிசுத்த கை. இன்னொரு தோளில் இன்னொரு கை. மடியில் கிடந்த அவள் கைகளை யாரோ எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவைத்தார்கள்.

மார்பில் துண்டு இறுகியது.

வாயைத் திறந்தாள். தாடைக்கடியில் ஈரத்துணி வந்தது. தூக்கியது. பல்லோடு பல் சேர்ந்தது. உச்சியில் ஒரு முடிச்சு.

எதிரே டியூப்லைட் வெள்ளைக் குச்சியாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கேமராவின் கண். அதன் பக்கத்தில் கட்டில். இனி யாரும் புரட்டிப் படுக்கவைக்கப்போகாத அந்த மனுஷன், தலையைக்கூடத் திருப்ப முடியாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. அந்த ஒரு சொல்தான். சத்தம் வரவில்லை.

டைமர் நின்றது.

பின்னால் நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கினார்கள்.

க்ளிக்.